ருசிக்கா, போதைக்கா?

குடிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. கிடைத்ததைக் குடிப்பவன் ஒருவன். விலை பார்த்துக் குடிப்பவன் ஒருவன். இந்த இருவரையும்விட உயர்ந்தவனாகத் தன்னை எண்ணிக்கொண்டிருக்கும் மூன்றாமவன் ஒருவன் உண்டு. "போதைக்காகக் குடிக்கிறவன் நானில்லை ஐயா, ருசிக்காகக் குடிக்கிறவன்" என்பான் அவன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவனுக்குக் 'கிராஃப்ட் பீர் ரசிகன்' என்று பெயர். பெரிய கம்பெனிகளின் பீரைத் தொடமாட்டான். சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சிய பீரைத் தேடிப் போய் வாங்குவான். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, எலுமிச்சை மணம், மாம்பழ மணம், பைன் மரப் பிசின் மணம் என்று வர்ணிப்பான். அந்த ரசிகனோடுதான் எனக்கு இன்று சண்டை.

சண்டைக்குக் காரணம் புட்டியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு சின்ன எண். ஆல்கஹால் இத்தனை சதவிகிதம் என்று சொல்லும் எண் அது. அது 7 என்றால் அவன் முகம் மலர்கிறது. 9 என்றால் பக்தி பிறக்கிறது. 3 என்று இருந்துவிட்டால் போதும், உதட்டைப் பிதுக்குகிறான். 0.5 என்றால் சிரித்தே விடுகிறான்.

ஒரு தமிழ் நாவலாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நான் மதுப் பிரசாரகன் அல்ல. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே ஒதுக்கிய மொழியில் எழுதிப் பிழைக்கிறவன். அதிலுள்ள நியாயம் எனக்குத் தெரியும். குடியாதவர்கள் குடிக்க வேண்டும் என்று சொல்ல இதை நான் எழுதவில்லை. ஆனால் மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதற்கும் அவன் நடந்துகொள்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதை நோக்குவதுதான் கதை எழுதுகிறவனின் தொழில். லண்டனில் உறவினர் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, பப்புகளில் இந்த ரசிகர் கோஷ்டிகளோடு உட்கார்ந்து நானும் ஒன்றிரண்டு தம்ளர் அருந்தினேன். அதைவிட அதிகமாக அவர்கள் பேச்சைக் கேட்டேன். அந்த இடைவெளியை அவ்வளவு பச்சையாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பீருக்கு வேண்டியவை நான்கே நான்கு: தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஈஸ்ட், ஹாப்ஸ். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பச்சை நிறத்தில் சின்னக் கூம்பு போல் இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் பொடி. அந்தப் பொடியில் பிசினும் உண்டு, எண்ணெயும் உண்டு. பிசின் கொதியில் மாறிக் கசப்பைத் தருகிறது. எண்ணெய் மணத்தைத் தருகிறது. ஆனால் அதிக நேரம் கொதித்தால் ஆவியாகிப் போய்விடும். அதனால் மணம் வேண்டுகிறவர்கள் அடுப்பை அணைக்கும் சமயத்திலோ, எல்லாம் நுரைத்து அடங்கிய பிறகோ ஹாப்ஸைப் போடுகிறார்கள். நம் வீடுகளில் ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடுகிறோமே, அதே சூட்சுமம்தான்.

கிராஃப்ட் பீர் ரசிகனுக்கு உயிர் இந்த ஹாப்ஸில் இருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் 'கேஸ்கேட்' என்ற ஹாப்ஸ் வெளிவந்தது. பம்ப்ளிமாஸ் போன்ற அதன் மணத்தை வைத்துத்தான் அந்த நாட்டுச் சின்ன ஆலைகள் தலையெடுத்தன. பிறகு 'சிட்ரா' வந்தது, நியூஸிலாந்திலிருந்து 'நெல்சன் சாவின்' வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து 'கேலக்ஸி' வந்தது. இவற்றின் பெயர்களை ரசிகன் ஸ்வரங்களைப் போல உச்சரிக்கிறான்.

இப்போது ஒன்றை யோசியுங்கள். கசப்பு ஹாப்ஸிலிருந்து வருகிறது. மணமும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது. போதை எங்கிருந்து வருகிறது? பார்லியின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுவதிலிருந்து. தான் காதலிப்பது ஹாப்ஸின் கசப்பையும் மணத்தையும் என்று சத்தியம் செய்கிறவனுக்கு, அந்தக் கசப்பும் மணமும் முழுக்க இருந்து, ஆல்கஹால் மட்டும் பாதியாகக் குறைந்த பீர் எதிரே வந்து நின்றால் என்ன நேர வேண்டும்? கொண்டாட வேண்டும் அல்லவா? நேர்வது பரிகாசம். பொன்னை உரைத்துப் பார்க்கக் கல் இருப்பதுபோல, 'ருசிக்காகக் குடிக்கிறேன்' என்ற பேச்சை உரைத்துப் பார்க்கும் கல்லாக இந்த வலு குறைந்த பீர் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அவனுக்கு அதன்மேல் அத்தனை கோபம்.

அவன் ஆட்சேபணைகளையும் கேட்போம். நியாயமாகச் சண்டை போட வேண்டுமென்றால் எதிராளியைப் பேசவிட வேண்டும்.

பெயரே பொய் என்பது முதல் ஆட்சேபணை. 'இந்தியா பேல் ஏல்' என்பது வலுவான பீரின் பெயராம். கப்பலில் இந்தியா வரை கெடாமல் போவதற்காக ஆல்கஹாலையும் ஹாப்ஸையும் கூட்டிக் காய்ச்சினார்களாம். ஆகவே வலு குறைந்த ஐபிஏ என்று சொல்வது பெயருக்குச் செய்யும் துரோகமாம். சரித்திரம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனுக்குக் கிழக்கே 'போ' என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் குடும்பத்தாரின் ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அது பக்கம். கப்பல் தலைவர்கள் அங்கே கடனுக்குப் பீர் வாங்கி ஏற்றினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஆடி அசைந்து, நம் சென்னைக் கரையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அந்தப் பீப்பாய்கள் இறங்கின. 1822இல் பர்ட்டன் ஊரின் ஆல்சாப் இந்த வியாபாரத்தில் நுழைந்தார். அந்த ஊரின் சுண்ணாம்புச் சத்துத் தண்ணீர் ஹாப்ஸின் கசப்பை எடுப்பாகக் காட்டிற்று. வெயில் நாட்டுக்குப் போகும் பீரில் ஹாப்ஸை அதிகம் போட வேண்டும் என்பது உண்மை. ஹாப்ஸுக்குக் கெடாமல் காக்கும் குணம் உண்டு. ஆனால் அந்தக் காலத்து மற்ற பீர்களோடு ஒப்பிட்டால் அது அதிக வலுவுள்ள சரக்கே அல்ல. கறுப்புப் போர்ட்டர் பீரும்தான் அதே கப்பல்களில் சுகமாக வந்து சேர்ந்தது. பிறகு முதல் உலகப் போரில் தானியத் தட்டுப்பாடும் அரசாங்கக் கட்டுப்பாடும் இங்கிலாந்தின் பீரையே மெலிய வைத்துவிட்டன. அதற்குப் பிந்திய தலைமுறைகளில் ஐபிஏ என்ற பெயரிலேயே மூன்றரைச் சதவிகிதத்தை ஒட்டிய பீர்களை அந்த நாட்டார் தாராளமாகக் குடித்தார்கள். பெயரின் மானத்தைக் காக்கப் புறப்பட்டிருப்பவருக்கு அந்தப் பெயரின் ஜாதகம் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்வேன். 1971இல் நான்கு நண்பர்கள் கூடி, பெரிய ஆலைகளின் உயிரற்ற பீருக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். 'காம்ரா' என்று அதற்குப் பெயர். இன்றைய சின்ன ஆலைகளுக்கெல்லாம் பாட்டன் அந்த இயக்கம். அவர்கள் போராடிக் காப்பாற்றிய 'பிட்டர்' என்ற பீர் பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நாலரைச் சதவிகிதத்துக்குள் அடங்கியது. மாலை முழுதும் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பதற்கான பீர். அதன் அருமை தெரிந்துதான் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். பாட்டன் காத்த சொத்தைப் பேரன் பரிகாசம் செய்கிறான்.

இரண்டாவது ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. ஆல்கஹால் வெறும் போதை அல்ல, அது ருசியின் ஓர் அங்கம் என்கிறார்கள். வாஸ்தவம். ஆல்கஹால் நாக்கில் ஒரு லேசான இனிப்பைத் தருகிறது. வாயில் ஒரு கனத்தைத் தருகிறது. மணத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் கசப்பு தனியே துருத்திக்கொண்டு நிற்கும்; 'ஹாப்ஸ் போட்ட டீத்தண்ணீர்' என்று அவர்கள் கேலி செய்கிற நிலை வந்துவிடும். அப்படிப்பட்ட சரக்கும் சந்தையில் உண்டு. நானே குடித்து முகம் சுளித்திருக்கிறேன்.

ஆனால் இதிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு என்ன? கடினமான வேலை என்பதுதான். பருப்பை அள்ளிக் கொட்டி நெய்யை ஊற்றி எவரும் ஒரு சாம்பாரை ஒப்பேற்றிவிடலாம். பருப்புத் தெளிவு கொஞ்சமாக விட்டு, நீர்க்க இருந்தும் சப்பென்று இல்லாத ரசம் வைக்கத்தான் கை வேண்டும். பீரிலும் அப்படியே. எட்டுச் சதவிகிதப் பீரில் ஒரு குறை இருந்தால் ஆல்கஹாலும் இனிப்பும் அதை மூடிவிடும். மூன்று சதவிகிதத்தில் ஒளிய இடமில்லை. காய்ச்சுகிறவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்: முளைப் பார்லியை வழக்கமான 65 டிகிரிக்குப் பதிலாக 70 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஊறவைக்கிறார், அப்போது ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் தங்கி, வாயில் கனம் நிற்கும். ஓட்ஸ் சேர்க்கிறார். கொதியில் போடும் ஹாப்ஸைக் குறைத்துக் கசப்பை அடக்குகிறார். கடைசியில் போடுவதைக் கூட்டி மணத்தை ஏற்றுகிறார். லண்டனில் பெர்மண்ட்சி பகுதியில், ரயில் பாலத்தின் வளைவுக்கடியில் 2009இல் தொடங்கிய 'கெர்னல்' ஆலை, 'டேபிள் பீர்' என்ற பெயரில் மூன்று சதவிகிதத்தை ஒட்டிய ஒரு பீரைக் காய்ச்சுகிறது. ஒவ்வொரு முறையும் ஹாப்ஸ் மாறும், வலுவும் ஒரு பின்னம் ஏறி இறங்கும், கை மாறாது. அதைக் குடித்துவிட்டு 'டீத்தண்ணீர்' என்று சொல்கிற நாக்கு எண்ணைப் பார்த்துப் பேசுகிற நாக்கு.

அரைச் சதவிகிதத்துக்குள் அடங்குவது இன்னும் கஷ்டமான காரியம். மால்டோஸ் என்ற சர்க்கரையைத் தின்னத் தெரியாத ஈஸ்டைத் தேடிப் பிடிக்கிறார்கள்; அல்லது முழு பீரைக் காய்ச்சி, வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் ஆல்கஹாலைப் பிரித்தெடுக்கிறார்கள். இதில் இன்னும் முழு வெற்றி கிட்டியதாக நான் சொல்லமாட்டேன். பல புட்டிகளில் காய்ச்சாத பார்லிக் கஞ்சியின் வாடை அடிக்கத்தான் செய்கிறது. மூன்று சதவிகிதத்தையும் அரைச் சதவிகிதத்தையும் ஒரே தட்டில் வைத்து ஏசுவதும் தவறு, புகழ்வதும் தவறு. ஆனால் முயற்சியையே கேலி செய்கிறவன் ரசிகன் ஆகமாட்டான்.

இந்தக் கேலிக்கு ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தின் 'ப்ரூடாக்' ஆலை 18.2 சதவிகிதத்தில் ஒரு பீரை வெளியிட்டபோது கண்டனம் எழுந்தது. பதிலுக்கு 2009இல் அவர்கள் 1.1 சதவிகிதத்தில், வாய் கோணும் அளவுக்கு ஹாப்ஸைக் கொட்டி ஒரு பீர் செய்து, 'நானி ஸ்டேட்' என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு ஆயா போல் குடிமக்களை அதட்டும் அரசு என்று குத்தல். மறு ஆண்டே அதே ஆலை 41 சதவிகிதத்தில் ஒன்றும், 55 சதவிகிதத்தில் ஒன்றும் விற்றது. உறையவைத்து நீரைப் பிரித்தெடுத்துச் செய்த வித்தை அது. எண்ணுக்காக எண்ணைத் துரத்திய காலம். அந்த ராட்சசப் பீர்கள் வேடிக்கைப் பொருளாகப் போய்விட்டன. குத்தலுக்காகச் செய்த சின்னப் பீரோ பிற்பாடு அரைச் சதவிகிதமாகக் குறைந்து, அன்றாடச் சரக்காகக் கடைகளில் இடம் பிடித்தது. காலம் யாரைப் பார்த்துச் சிரித்தது?

மூன்றாவது ஆட்சேபணை விலை. "பாதி ஆல்கஹாலுக்கு முழு விலையா?" என்று கேட்கிறார்கள். கேள்வியின் அமைப்பே குட்டை உடைத்துவிடுகிறது, கவனித்தீர்களா? ருசிக்காகக் குடிக்கிறவர் ஆல்கஹாலை அளந்து காசு கொடுக்கிறார்! ஹாப்ஸுக்கு ஆன செலவு ஆனதுதான். உழைப்பும் நாட்களும் குறையவில்லை. குறைவது கொஞ்சம் பார்லிதான். ஆனாலும் இந்த இடத்தில் ஆலைக்காரர்களையும் நான் சும்மா விடப்போவதில்லை. பிரிட்டனில் 2011இல் 2.8 சதவிகிதமும் அதற்குக் கீழுமான பீருக்கு வரியைக் குறைத்தார்கள். 2023 ஆகஸ்டில் அந்தச் சலுகையை 3.5க்குக் குறைவான எல்லாவற்றுக்கும் விரித்தார்கள். உடனே பெரிய கம்பெனிகள் சில, தங்கள் பழைய பீரையே 3.4க்கு இறக்கிவிட்டன. புதிதாக யோசித்துக் காய்ச்சியதல்ல. வரிக்கணக்குப் பார்த்து மெலிய வைத்தது. பால்காரன் தண்ணீர் கலப்பதற்கும், மோரைப் பக்குவமாகக் கடைந்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. மிச்சமான வரியில் ஒரு பங்காவது தம்ளரின் விலையில் தெரிய வேண்டும் என்று ரசிகர்கள் சத்தம் போட்டால் நானும் சேர்ந்து சத்தம் போடுவேன். கம்பெனியின் கஞ்சத்தனத்துக்கு ஆத்திரப்பட்டு, ரயில் வளைவுக்கடியில் பாடுபடுகிறவனின் பீரைத் திட்டுவதுதான் அநியாயம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் நாக்கைப் பற்றிய சண்டையாக மட்டும் இருந்தால், இத்தனை மை செலவழிக்க மாட்டேன்.

ஒரு கணக்குப் போடுங்கள். இங்கிலாந்துப் பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். ஏழு சதவிகிதப் பீரில் ஒரு பைண்ட் குடித்தால் உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் சுமார் 40 மில்லிலிட்டர்; மூன்று சதவிகிதத்தில் 17. பத்து மில்லிலிட்டரை ஒரு 'யூனிட்' என்று வைத்து, வாரத்துக்குப் 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்று அந்த நாட்டு வைத்திய அதிகாரிகள் 2016இல் அறிவுரை சொன்னார்கள். ஏழு சதவிகிதத்தில் இது மூன்றரைப் பைண்ட். ஒரு சனிக்கிழமை மாலைக்குக்கூடக் காணாது. மூன்று சதவிகிதத்தில் எட்டுப் பைண்ட். ஸ்காட்லாந்தில் 2014 முதல் வண்டியோட்டிகளுக்கு ரத்தத்தில் அனுமதிக்கும் அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தார்கள். மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சர்வதேச ஆராய்ச்சி நிறுவனம் சேர்த்தது 1988இல். இவை யாருக்கும் தெரியாத ரகசியங்கள் அல்ல.

நான் உட்கார்ந்திருந்த கோஷ்டியில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். ஹாப்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்த மேஜையில் வேறு யாருக்கும் தெரியாது. முகர்ந்தே பெயர் சொல்லுவார். ஈரல் விஷயமாக டாக்டர் எச்சரித்துவிட்டார். அன்று அரைச் சதவிகிதப் புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பழரசக் கடை அடுத்த தெருவிலே இருக்கிறது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரமும் வந்தார், அன்றும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் நாற்காலி காலியாகவே இருந்தது. விட வேண்டியது குடி ஒன்றுதான். சிநேகிதர்களையும் சேர்த்து விடும்படி செய்துவிட்டார்கள். அந்த மேஜையில் ருசி அறிந்த ஒரே மனிதரைத் துரத்திவிட்டு, மிச்சம் இருந்தவர்கள் ருசியைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

இப்படி எத்தனை பேர்! வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியவர், கர்ப்பிணி, மறுநாள் அதிகாலையில் வேலைக்குப் போகிறவர், நேற்றுவரை குடித்துச் சீரழிந்து இன்று மீள நினைக்கிறவர். பப்பின் கதவு இவர்களுக்கும் திறந்திருக்க வேண்டாமா? இங்கிலாந்துப் பப் என்பது நம் கிராமத்துத் திண்ணையைப் போல; மழையும் குளிரும் நிறைந்த ஊரில் மனிதன் மனிதனோடு பேசக் கிடைத்த இடம். சின்னப் பீர் அந்தத் திண்ணையில் அவர்களுக்கும் ஓரிடம் ஒழித்துக் கொடுக்கிறது. மீள நினைக்கிற சிலருக்குப் பீரின் வாசனையே ஆபத்து என்பதையும் நான் மறுக்கவில்லை; அவர்கள் அதையும் தள்ளி வைப்பதே விவேகம். மற்றவர்களுக்கு இருக்கும் வழியைச் சிரித்தே அடைப்பதற்கு ரசிகனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

புதியது வரும்போதெல்லாம் "இது அசல் அல்ல" என்று சொல்வதும் அந்த நாட்டில் பழைய வழக்கம்தான். ஹாப்ஸே ஒரு காலத்தில் அங்கே அந்நியச் சரக்கு. பதினைந்தாம் நூற்றாண்டில் அது கடல் கடந்து வந்து காலூன்றியபோது, ஹாப்ஸ் சேராத பழைய 'ஏல்'தான் ஆங்கிலேயனுக்கு இயற்கையான பானம், ஹாப்ஸ் போட்ட பீர் டச்சுக்காரனுக்கு உரியது, உடம்புக்குக் கெடுதல் என்று ஆண்ட்ரூ போர்டு என்ற வைத்தியர் 1542இல் ஒரு புத்தகத்திலேயே எழுதி வைத்தார். அன்று அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று ரசிகன் உருகுவதற்குச் சிட்ராவும் இல்லை, கேஸ்கேடும் இல்லை.

அதனால் என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போதைக்காகக் குடிக்கிறேன் என்று சொல்லிக் குடிக்கிறவனோடு எனக்கு வழக்கில்லை. அவன் செய்வது சரியா தப்பா என்பது வேறு, சொல்வதைத்தான் செய்கிறான். ருசி, கலை, கைத்திறன் என்று பேசிவிட்டு, புட்டியில் முதலில் அந்த எண்ணைத் தேடுகிறவனோடுதான் வழக்கு. எட்டுச் சதவிகிதம் ஒருவனுக்குப் பிடித்திருக்கலாம், பிடிக்கட்டும். அந்தக் கனமும் இனிப்பும் வேறு ஒரு அழகு. எண் பெரிதாக இருப்பதால் தன் ரசனையும் பெரிது என்று அவன் நினைக்கும்போதுதான் நான் குறுக்கிடுகிறேன்.

வழக்கைத் தீர்க்க ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. ஐந்து தம்ளர்களில் ஐந்து பீரை, புட்டியைக் காட்டாமல் ஊற்றச் சொல்லுங்கள். ஒன்று மூன்று சதவிகிதமாக இருக்கட்டும். முகர்ந்து, ருசித்து, உங்கள் தீர்ப்பை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை எண்ணைக் கேட்காதீர்கள். அந்தக் காகிதத்தில் இருப்பது உங்கள் நாக்கின் அபிப்பிராயம். எண் தெரிந்த பிறகு அதை மாற்றி எழுதக் கை பரபரத்தால், எதற்காகக் குடிக்கிறோம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.